கோட்டை ஒயின்

இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் போயிருக்கலாம் இந்த மனுஷன். அதற்குள் ஜாடியை மாற்றியிருப்பேன்.

இப்படி நினைத்ததும் தனகோடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் ஈரத்துண்டு இருந்தது. எதிரே பெஞ்சில் சவரிமுத்து கிடந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பல்வலிக்காரர் கொஞ்சம் கண்ணயர்ந்த மாதிரி இருந்தது. அவள் நெற்றியைத் துடைத்தாள், காது மடலைத் துடைத்தாள். புருஷன் போய் இன்னும் உடம்புச் சூடுகூட ஆறவில்லை. முதலில் வரவேண்டிய நினைப்பு இதுதானா? அழுகை எங்கே போயிற்று என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அழுகை இருந்தது. அதற்கு முன்னால் ஜாடி உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டிருந்தது.

காலையில் எழுந்ததும் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிறேன் என்று முக்காலி மேல் ஏறினார். ஏறியவர் ஒழுங்காக இறங்கவும் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் தண்ணி குடு. அந்த ஸ்டார் கோணலா இருக்குது பாரு" என்றார். அவள் சொம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஸ்டார் நேராகத்தான் இருந்தது. கோணியிருந்தது அவர் தலை.

ஜாடி உள்ளறை மூலையில் இருந்தது. ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடி. வெள்ளை வயிறு, பழுப்புக் கழுத்து. வாயில் துணி கட்டி, அதன் மேல் மைதாப் பசை பூசி, பசையில் விரலால் ஒரு சிலுவை போட்டிருந்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பூசை முடிந்ததும் தெருவே டம்ளரோடு வந்து நிற்கும். அவர் பசையை உடைப்பார். எல்லோரும் குடித்துவிட்டு, "மேஸ்திரி, இந்த வருஷம் போன வருஷத்தைத் தூக்கிச் சாப்பிட்டிருச்சு" என்பார்கள். இது பல வருடமாக நடக்கிறது. அவர்கள் குடித்தது பாண்டிச்சேரிக் கடையில் விற்கிற ஒயின் என்பது இந்த உலகத்தில் தனகோடிக்கு மட்டும் தெரியும்.

சவரிமுத்து மரக்காணத்து உப்பள மேஸ்திரி. வெயில் காலமெல்லாம் பாத்தியே கதி. மழை பிடித்துவிட்டால் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்று, எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் போய்விடும். மேஸ்திரிக்கு வேலை இருக்காது. வேலையில்லாத மேஸ்திரி வீட்டில் இருந்தால் வீட்டுக்காரிதான் கூலியாள். பருப்பில் தண்ணீர் கூட, முறத்தை அங்கே மாட்டாதே, கோழி ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்று அவளை மேய்ப்பார். அதனால் ஒரு மழைக்காலத்தில் அவர் திராட்சைப் பக்கம் திரும்பியபோது, மாதா கெபியில் அவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்தத் திராட்சை ஆலம்பரைக் கோட்டையிலிருந்து வந்தது. கோயில் ஆட்களோடு ஒருநாள் வேனில் போயிருந்தார்கள். எல்லோரும் கடலைப் பார்க்க, இவர் மட்டும் இடிந்த மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். செங்கல் இடுக்கில் ஒரு கொடி. திராட்சைக் கொடி. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "டூர் வர்றவனுங்க தின்னுட்டுத் துப்புறானுங்க, அதுல மொளைச்சது" என்றார்.

"போய்யா" என்றார் சவரிமுத்து. "நவாப்பு கட்டின கோட்டை. அப்பறம் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போச்சு. பிரெஞ்சுக்காரன் ஒயினு இல்லாம கோட்டையில வந்து குந்துவானா? அவன் வச்ச கொடி இது. வெள்ளைக்காரன் பீரங்கி வச்சு இடிச்சப்போ மதிலு போச்சு, கொடி தப்பிச்சுது."

ஒரு துண்டுக் குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, வேனில் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டே வந்தார். ஜான்சன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக்கூட இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவரவில்லை. வீட்டுக்குப் பின்னால் நல்ல தண்ணீர்க் கிணற்றோரம் நட்டு, சவுக்குக் கம்பில் பந்தல் போட்டார். அது பிரெஞ்சுக்காரன் வைத்ததோ பிக்னிக்காரன் துப்பியதோ, பிடித்துக்கொண்டு படர்ந்தது. கொத்துக் கொத்தாகக் கறுப்புத் திராட்சை.

முதல் வருஷ ஒயினில்தான் எல்லாம் நடந்தது. பழத்தைப் பிசைந்து, சர்க்கரை, கோதுமை, கிராம்பு போட்டு, ஆறவைத்த வெந்நீர் ஊற்றியாயிற்று. மேஸ்திரி எதையும் கண்ணால் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. உப்புத் தண்ணீரின் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழலைக் கொண்டுவந்து சாற்றில் மிதக்கவிட்டார். குழல் உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. அவர் முகம் சுருங்கியது.

"டிகிரி பத்தல."

"சர்க்கரை தீந்துபோச்சு" என்றாள் தனகோடி.

"உப்பு இருக்குதில்ல?"

"ஒயினுக்கு உப்பா?"

"டிகிரி ஏறணும், அவ்ளோதான். சர்க்கரைல ஏறினா என்னா, உப்புல ஏறினா என்னா? குழலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டு கை கல்லுப்பு போட்டார். குழல் எழும்பி நின்றது. அவர் பாத்தியில் நல்ல விளைச்சல் பார்த்தவர் மாதிரிச் சிரித்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்போதிருந்த ஃபாதர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்று சொல்லி, மிச்சத்தைக் குரோட்டன்ஸ் தொட்டியில் சாய்த்ததை தனகோடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மலர்கொடி, உப்பளத்தில் அவரிடம் வேலை செய்கிறவள், "நல்லாருக்குது மேஸ்திரி, மாங்கா ஊறப்போட ஆவும்" என்றாள். அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "எப்படி? எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாத்தியில் நாற்பது பேரை அதட்டுகிற மனுஷன், ஒரு சொல்லுக்காக டம்ளர் டம்ளராகப் பின்னால் போனார். அவர் நாக்குக்கு மட்டும் அந்த உப்பு தெரியவில்லை. பிறந்ததிலிருந்து உப்புக் காற்றைச் சுவாசித்தவர். அவருக்கு அது தண்ணீர் மாதிரி. ஒரு பாராட்டுக்காக அவர் அப்படி அலைந்ததை அன்றைக்குத் தனகோடியால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வருஷம் டிசம்பரில், கிறிஸ்துமஸ் துணி எடுக்கிறேன் என்று பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள். திரும்பும்போது பையில் ஒயின் பாட்டில்கள், அவற்றின் மேல் ஒரு அடுக்குக் கருவாடு. செக்போஸ்டில் பையைத் திறந்த போலீஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார். கண்டக்டர் மட்டும் விடவில்லை. "ஏம்மா, மரக்காணத்துக்கேவா கருவாடு வாங்கினு போற?" பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர் உப்பளத்துப் பக்கம் போன நேரத்தில் ஜாடியிலிருந்ததைக் கழிவுநீர்க் குழியில் கொட்டினாள், பாட்டில்களை ஊற்றினாள், மைதா கிண்டிப் பூசி, சிலுவை போட்டாள். சிலுவை போடும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.

அவருக்காகத்தான் செய்கிறோம் என்று அவள் வெகு காலம் நம்பியிருந்தாள். அது முழு உண்மையில்லை என்றும் அவளுக்குத் தெரியும். வருஷத்தில் அந்த ஒரு நாள், யாருடைய சாப்பாட்டு நேரமும் தலையில் இல்லாமல், பாண்டிச்சேரி கடற்கரைச் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து ஒரு கோன் ஐஸ் சாப்பிடுவாள். உருகி விரலில் வழிவதை நிதானமாக நக்குவாள். அந்த ஐஸுக்காகவும்தான் அந்தப் பொய்.

இந்த வருஷம் அடுத்த புதன்கிழமை போவதாக இருந்தாள்.

மலர்கொடி தலைவிரி கோலமாக ஓடி வந்து வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "கோட்டை ஒயினு குடுத்த ராசா, எங்களுக்குக் கூலி கொறைச்ச ராசா" என்று ராகம் போட்டாள். அழுகையிலும் அவள் கணக்கு விடவில்லை என்று தனகோடி நினைத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டி வந்தது. நாற்காலிகள் வந்தன. கொழுந்தன் அந்தோணிராஜ் வந்தார். முதல் வருஷங்களில் துபாயில் இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு அண்ணனுக்கு நிழல் மாதிரி. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கதறிவிட்டு, எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்:

"எங்கண்ணன் என்னா சொல்லிட்டுப் போனாரு? எல்லாருக்கும் தெரியுமில்ல? 'நான் செத்தா எவனும் அழாதீங்கடா, ஜாடியத் தொறங்கடா'ன்னாரு. போன கிறிஸ்துமஸுக்கும் சொன்னாரு, அதுக்கு முன்னாடியும் சொன்னாரு. கல்லறைக்குப் போயிட்டு வந்து தொறக்கறோம். ஆளுக்கு ஒரு வாய். சரிதானங்க அண்ணி?"

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் அப்படிச் சொன்னது உண்மை. தனகோடியும் அப்போது சிரித்திருக்கிறாள். அவர் சொன்ன ஜாடி வேறு, இப்போது மூலையில் இருக்கிற ஜாடி வேறு என்று எப்படிச் சொல்வது? சவரிமுத்து கையால் செய்ததை முதல் வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இத்தனை பேர் வாயில் வைக்கப்போகிறார்கள். அவர் பெட்டிக்குள் போன பிறகு. 'எப்படி?' என்று கேட்க அவர் இல்லாத நேரத்தில்.

"அதுக்கு இப்ப என்னா அவசரம்" என்றாள்.

"அண்ணன் வாக்குங்க அண்ணி."

அடுப்படியில் மலர்கொடி காபி கலந்துகொண்டிருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று தன் வீட்டிலிருந்து பால் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். தனகோடி கதவைச் சாத்தினாள்.

"மலரு, பாண்டிக்குப் போயிட்டு வர்றியா? பொழுதுக்குள்ள வந்துடலாம்."

"இப்பவா? எதுக்குக்கா?"

"ஒயினு வாங்கினு வரணும்."

மலர்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். தனகோடியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

"துக்கத்துல சில பேருக்கு இப்படித்தாங்க்கா ஆவும். எங்க மாமனாரு செத்தப்போ எங்க மாமியாரு பரோட்டா கேட்டுச்சு. சால்னாவோட."

"எனக்கில்லடி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. அதான் ஜாடி நெறைய இருக்குதே. நான் வேணா துணியத் தூக்கி, யாருக்கும் தெரியாம ஒரு டம்ளரு..."

"வேணாம்."

"உன் இஷ்டம். ஆனா எங்க மேஸ்திரிய எடுக்கறப்போ நான் பஸ்ல இருக்க மாட்டேன். அப்பறம் ஊரு என்னா சொல்லும்?"

உண்மையைச் சொல்லியிருந்தால் மலர்கொடி போயிருப்பாள். பாட்டில்களை முந்தானையில் கட்டிக்கொண்டாவது வந்திருப்பாள். ஆனால் சொல்வதென்றால், 'உன் மேஸ்திரியின் ஒயின் வாயில் வைக்க விளங்காது' என்று, அவர் கிடக்கிற வீட்டில், அவர் காதுக்கு இருபதடி தள்ளி நின்று சொல்ல வேண்டும். அவளால் முடியவில்லை. காபியைக் குடித்தாள். அதில் மலர்கொடி சர்க்கரை போட மறந்திருந்தாள்.

மதியம் ஜான்சன் வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகம் செய்கிற கம்பெனி. யூனிஃபார்ம் சட்டையோடே வந்துவிட்டான். அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். அப்பாவின் தோள்பட்டை அவனுக்கு. அப்போது அவளுக்கு ஒரு கணம் ஜாடி நகர்ந்துகொண்டது, அழுகை வந்தது. அவன் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனோடு வெளியே போய்விட்டதால் அதுவும் பாதியில் நின்றது.

அவன் ஏற்பாட்டில் ஃப்ளெக்ஸ் வந்தது. சவரிமுத்துவின் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது, போன கிறிஸ்துமஸுக்கு டம்ளரை உயர்த்திப் பிடித்து எடுத்தது. கண்ணீர் அஞ்சலியில் டம்ளர் இருக்கக் கூடாதென்று ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அதை மட்டும் அழித்திருந்தான். இப்போது சவரிமுத்து வெறுங்கையை உயர்த்தி, விரல்களை வளைத்து, ஊரையே ஆசீர்வதிப்பவர் போல நின்றார். கீழே 'கோட்டை கண்ட கோமான்' என்று எழுதியிருந்தது. சில கிழவிகள் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

பிறகு பிரபு வந்தான், மலர் வளையத்தோடு. குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறவன். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு முதலில் கோட்டை, பிறகு உப்பளம், கடைசியில் இந்தப் பந்தல், ஜாடியில் கிறிஸ்துமஸ் மிச்சத்திலிருந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று ஒரு சுற்று வைத்திருந்தான். போன ஜனவரியில் ஒரு வெள்ளைக்கார அம்மா அந்த ஸ்பூனை வாயில் வைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தாள். பிரபுவிடம் ஏதோ சொன்னாள். அவன் மொழிபெயர்த்தான்: "முந்நூறு வருஷத்துப் பழைய ருசியாம்." சவரிமுத்து தூக்கமில்லாமல் கிடந்தார் அன்றைக்கு. தனகோடியும் தூங்கவில்லை. அந்த அம்மா உண்மையில் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, மனசு தேத்திக்கோங்க" என்றான் பிரபு. "மேஸ்திரி சார் நம்ம ஹெரிடேஜ்."

கோயிலில் பூசை நடந்தது. ஃபாதர் இந்த ஊருக்கு வந்து நான்கைந்து கிறிஸ்துமஸ்தான் ஆகிறது. சவரிமுத்து ஒவ்வொரு வருஷமும் அவருக்கு ஒரு பாட்டில் தனியாகக் கொடுப்பார். பிரசங்கத்தில் ஃபாதர் சொன்னார்: "நம் சகோதரர் சவரிமுத்து, அவர் தயாரித்த ஒயினைப் போலவே வாழ்ந்தவர். கலப்படம் இல்லை. ஒளிவு மறைவு இல்லை. வெளியே என்னவோ அதுதான் உள்ளே."

தனகோடிக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தடவினார்கள். இருமல் ஏதோ ஒரு இடத்தில் உண்மையாகவே அழுகையாக மாறிவிட்டது. அது எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கல்லறையில் குழிக்குள் ஊற்றுத் தண்ணீர் வந்திருந்தது. மழைக்காலத்தில் இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் அப்படித்தான். பெட்டி தண்ணீரில் ஒரு கணம் மிதந்தது. "அண்ணன் மிதக்கறாரு பாரு, டிகிரி ஜாஸ்தி" என்று பின்னாலிருந்து ஓர் உப்பளத்து ஆள் சொன்னார். யாரோ அவரை அதட்டினார்கள். அதட்டியவருக்கும் சிரிப்பு வந்தது. சவரிமுத்து இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார் என்று தனகோடி நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து குளித்து முடித்ததும் அந்தோணிராஜும் ஜான்சனும் ஜாடியைக் கூடத்துக்கு நகர்த்தி வந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. டம்ளர்கள் வரிசையாக நின்றன. தனகோடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றானதும் ஒருவித நிம்மதிகூட வந்தது. துப்புவார்கள். சிரிப்பார்கள். ஒரு வாரம் ஊர் பேசும். ஆனால் அவர் அவமானப்பட இங்கே இல்லை. இப்படிச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. இருந்தபோது பட்டிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பார்.

அந்தோணிராஜ் பசையை உடைத்தார். முதல் டம்ளரை மொண்டு, ஃப்ளெக்ஸிலிருந்து வெட்டி மாட்டியிருந்த படத்துக்கு நேரே உயர்த்தினார்.

"அண்ணே, இது உனக்கு."

ஒரே மூச்சில் குடித்தார். கண்கள் அகலமாயின. கன்னங்கள் உப்பின. வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் இருண்டிருந்தது.

"இது எங்கண்ணன் ஒயினு இல்ல."

ஜான்சன் ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தேடினான். ஃபாதர் நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி, "கடல் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். உப்பளத்து ஆட்கள் ஆளுக்கொரு வாய் எடுத்துவிட்டு, இது எந்தப் பாத்தித் தண்ணீர் என்று தங்களுக்குள் விவாதிக்கத் தொடங்கினார்கள்.

"எவனோ மாத்திட்டான்" என்றார் அந்தோணிராஜ். "நல்ல சரக்க எடுத்துனு உப்புத் தண்ணியில கலரு கலந்து ஊத்திட்டான்." அவர் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து பிரபு மேல் நின்றது. "ஏம்பா, நீதான போன வாரம் வந்து இந்த ரூம்ல சுத்தினு இருந்த?"

"அண்ணா, நான் ஃபோட்டோ எடுக்க வந்தேன்ணா."

"ஃபோட்டோ எடுத்தியா, ஒயினு எடுத்தியா?"

"கடவுள் சத்தியமாண்ணா. எனக்கு வீசிங்கு, நான் குடிக்கறதே இல்ல."

இரண்டு பேர் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். பிரபுவுக்கு வியர்த்தது. தனகோடி எழுந்தாள். முழங்கால் வலித்தது.

"அவன விடு அந்தோணி. யாரும் மாத்தல. இது அவரு செஞ்சதுதான்."

"அண்ணி..."

"அவரு கையால செஞ்சது. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். உப்புப் போட்டாரு. எப்பவும் போடுவாரு."

ஒரு கணம் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அந்தோணிராஜின் முகம் கனிந்தது. "பாருங்க ஃபாதர். இந்த நெலமையிலயும் ஒரு பையன் மேல பழி விழக்கூடாதுன்னு புருஷன் மேலயே போட்டுக்கறாங்க. எங்கண்ணி இப்படித்தான். குந்துங்க அண்ணி, நீங்க இன்னும் சாப்புடல." ஜான்சன் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்றும், அது இவ்வளவு பயனற்றது என்றும் அவளுக்கு இதுவரை தெரியாது.

மலர்கொடியும் ஒரு டம்ளரை மொண்டு ஒரு வாய் குடித்திருந்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். மாங்காய் ஊறப்போட ஆகும் என்று ஒரு காலத்தில் சொன்னவள். தனகோடியை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் அடுப்படியில் கேட்ட கேள்வி அவள் கண்ணில் மெல்லத் திரும்பி வந்து, பதிலோடு நின்றது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஃபாதர் கோயில்பிள்ளையை அனுப்பி, தன் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். போன கிறிஸ்துமஸுக்கு சவரிமுத்து கொடுத்தது. பாதி இருந்தது. ஆளுக்குக் கால் டம்ளர்கூட வரவில்லை. மூடியில் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தோணிராஜ் மூடியை உதட்டில் வைத்தார். அவ்வளவுதான், உடைந்துபோனார்.

"இதான். இதான் எங்கண்ணன். இந்தக் கைப்பக்குவம் இனிமே எவனுக்கு வரும்?"

மற்றவர்களும் குடித்தார்கள். பெரிய மீசைக்காரர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. ஜான்சன் தலையைக் குனிந்துகொண்டான். பிரபுகூட விம்மினான், பயம் தெளிந்ததாலும் இருக்கலாம். பாண்டிச்சேரியில் எந்தத் தெருவில், எந்தக் கடையில், எந்த அடுக்கில் அந்த ஒயின் இருக்கிறதென்று தனகோடிக்குத் தெரியும். இருந்தும் அவர்களுடைய கண்ணீரில் ஒரு சொட்டுப் பொய் இல்லை என்பதை அவள் பார்த்தாள்.

யாரும் தன்னைக் கவனிக்காத நேரத்தில் அவள் ஜாடியிடம் போனாள். ஒரு டம்ளரை உள்ளே விட்டு மொண்டாள். முதல் வருஷத்துக்குப் பிறகு அவள் இதை ருசி பார்த்ததே இல்லை. குழியில் கொட்டும்போது வாசனைகூடப் பிடித்ததில்லை.

உப்பு. முதலில் உப்புதான். நாக்கு மடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு கிராம்பு வந்தது. பிறகு, உப்பைத் தாண்டி வெகு தூரத்தில், ஒரு திராட்சை இருந்தது.

நல்ல திராட்சைதான்.

முதல் வருஷம் ஒருத்தராவது அவர் எதிரில் துப்பியிருந்தால்? மீசை துடித்திருக்கும், ஒரு வாரம் யாரோடும் பேசியிருக்க மாட்டார். அடுத்த வருஷம் ஒரு கை குறைத்திருப்பார். அதற்கடுத்த வருஷம் இன்னொரு கை. உப்பையே விட்டிருப்பார். கெட்டிக்காரர், கடல் தண்ணீரிலிருந்து வெள்ளை வெளேரென்று உப்பு எடுக்கத் தெரிந்தவருக்கு, உப்பிலிருந்து ஒயினை எடுக்கத் தெரியாமலா போயிருக்கும்? நன்றாக வந்துவிட்டது என்று ஊரே சொன்னது, அதனால் அதே இரண்டு கையை அதே கவனத்தோடு வருஷா வருஷம் போட்டார். ஒவ்வொரு வருஷமும் அவள் அதைக் குழியில் கொட்டினாள்.

"அண்ணி, அத ஏன் குடிக்கறீங்க? வயிறு கெட்டுப்பூடும்." அந்தோணிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஜான்சன். "டேய் ஜான்சா, அந்தப் பக்கம் புடி. இந்தக் கருமத்தக் கொட்டிட்டு ஜாடியக் கழுவி வச்சிடலாம். எங்கண்ணன் பேரச் சொல்லி இது இங்க இருக்கக் கூடாது."

ஜான்சன் குனிந்து ஜாடியின் அடியில் கை கொடுத்தான்.

"வேணாம்" என்றாள் தனகோடி.

"இல்லம்மா, நாறிப்போவும்."

"வைடா."

"அண்ணி, ஊரே துப்பிட்டுப் போன சரக்கு. இத வச்சுனு என்னா பண்ணப்போறீங்க? சொல்லுங்க, நானே கொட்டிடறேன்."

அவள் ஜான்சனின் கைகளை ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு டம்ளரை உள்ளே விட்டு, இன்னொரு முறை விளிம்பு வரைக்கும் மொண்டுகொண்டு, ஜாடியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.